மேல் வரிசையில் பதினாறு கறுப்புக் கட்டம்

ரெண்டு வரியில எழுத்து காட்டுற சின்ன எல்சிடி டிஸ்ப்ளே ஒண்ணு. அதோட பெட்டி மேல 'ராஸ்பெர்ரி பை-யில் நேரடியாக மாட்டலாம்'னு அச்சடிச்ச மகராசன் நல்லா இருக்கட்டும். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்ல மாட்டியாச்சு. நம்ம எல்லாருக்கும் பழகிப்போன அதே தரிசனம்: மேல் வரிசையில பதினாறு கறுப்புக் கட்டம், கீழ் வரிசை காலி.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும். "கான்ட்ராஸ்ட் திருகைத் திருப்பிப் பாருங்க." ஐயா, கட்டம் தெரியுதுன்னாலே கரண்ட்டும் வந்தாச்சு, கான்ட்ராஸ்ட்டும் வந்தாச்சு. வராதது துவக்கக் கட்டளை. ஒண்ணுமே தெரியலைன்னாதான் அந்த நீலத் திருகு. சொன்னா கேக்க மாட்டாங்க, அதனால திருப்புவோம். இந்தக் கோடி வரைக்கும் போ, கட்டம் மங்கும். அந்தக் கோடி வரைக்கும் போ, கருக்கும். திரும்ப மங்கும், திரும்பக் கருக்கும். எழுத்து மட்டும் வராது.

"ஐ2சிடிடெக்ட்ல 27 தெரியுதா?" (ஐ2சி-ங்கிற ரெண்டு வயர் இணைப்புல எந்த முகவரியில சிப் இருக்குன்னு தேடுற நிரல் அது.) தெரியுது, அதுக்கென்ன? பதில் சொல்றது டிஸ்ப்ளேவோட முதுகுல ஒட்டின பிசிஎஃப்8574 சிப், ரெண்டு வயர்ல வர்றதை டிஸ்ப்ளேவோட கால்களுக்குப் பிரிச்சுக் குடுக்கிற தரகர். டிஸ்ப்ளேவைக் கழட்டிக் கடாசினாலும் அது 27-னு ஆஜர் சொல்லும். ('ஏ' போட்ட சிப்புன்னா 3எஃப்.) சிப்போட எந்தக் கால் டிஸ்ப்ளேவோட எந்தக் காலுக்குப் போகுது, அதானே கேள்வி? வழக்கமான ரகத்துல பி0 ஆர்எஸ், பி1 ரீட்-ரைட், பி2 எனேபிள், பி3 பின்விளக்கு, பி4 முதல் பி7 வரைக்கும் டேட்டா. இன்னொரு ரகத்துல டேட்டா பி0-லயே ஆரம்பிக்கும். எந்த ரகம்னு பெட்டியில ஒரு வரி போட்டா மை தீர்ந்துடுமா? மல்டிமீட்டரை பீப்ல வெச்சு, டிஸ்ப்ளேவோட 4 (ஆர்எஸ்), 6 (எனேபிள்), 11 (டேட்டா) கால்கள்ல இருந்து சிப் வரைக்கும் நாமளே தடவணும். அப்புறம் எந்தக் கால் எதுக்குன்னு பை-க்குச் சொல்ற ஹெச்டி44780-ஐ2சி-எல்சிடி ஓவர்லேல கால் எண்ணை மாத்தணும்.

இதையெல்லாம் மன்னிச்சிடலாம். அந்த 5 வோல்ட் இருக்கே! பலகையில '472'னு ரெண்டு ரெசிஸ்டர், 4.7 கிலோ ஓம். எஸ்டிஏ, எஸ்சிஎல்-ங்கிற அந்த ரெண்டு ஐ2சி வயரையும் 5 வோல்ட்டுக்கு இழுக்குது. பை போர்டுல இருக்கிற 1.8 கிலோ ஓம் 3.3-க்கு இழுக்குது. ரெண்டும் மல்லுக்கட்டி லைன் 3.8 பக்கம் போய் நிக்கும். பை-யோட கால்களான ஜிபிஐஓ-வோ 3.3-க்கு மேல பார்க்கவே கூடாத பிறவி. சரி, 472-ஐப் பிடுங்கிடலாமா? 5 வோல்ட்ல ஓடுற பிசிஎஃப்8574-க்கு 'ஹை' (சிக்னல் 1)ன்னா குறைஞ்சது 70 சதவீதம், அதாவது 3.5. இப்ப 3.3 பத்தாது! ஆக, கணக்குப்படி பார்த்தா இது வேலை செய்யறதே தப்பா இழுக்கிறதாலதான். நடுவுல 3.3-ஐ 5-ஆவும் 5-ஐ 3.3-ஆவும் மாத்திக் குடுக்கிற ஒரு பிஎஸ்எஸ்138 லெவல் ஷிஃப்டர் போட்டா தீர்ந்துது. அதைத் தனியாக் காசு குடுத்து வாங்கணும். 'நேரடியாக'வாம்.

ஒருவழியா எழுத்து வந்துடும். பின்சாய்கோடு அனுப்புங்க, யென் குறி வரும். அலைக்குறி அனுப்புங்க, அம்புக்குறி வரும். டிஸ்ப்ளேவோட எழுத்துக் கிடங்கான ஏ00 ரோம்ல ஜப்பான்காரங்க கட்டகானா எழுத்து முழுசா உக்காந்திருக்கு. நமக்கு? சொந்தமா எட்டு எழுத்து வரைஞ்சுக்கலாம், ஒவ்வொண்ணும் 5-க்கு 8 புள்ளி. அஞ்சு புள்ளி அகலத்துல ஒரு 'ணை' போட்டுக் காட்டுங்க, பாப்போம்.