கொக்கி வேண்டாம், எலாஸ்டிக் போடு

கோவில்பட்டியில் மே மாதத்தின் கடைசி நாட்கள். அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது. வெயிலுக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. தெருமுனையில் ஒற்றை அறைத் தையல் கடை. மிஷினில் செல்வி. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் பழைய தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். கூட வந்த பேரன் முகில், வந்த வேகத்தில் வெட்டுமேஜைக்கு அடியில் புகுந்து துண்டுத் துணிகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டான். இனி அவனை யாரும் கவனிக்கப் போவதில்லை.

தாத்தா: தாயி, ஒரு டவுசர், ஒரு சட்டை. பள்ளிக்கூடம் திறக்கும் முன் வேண்டும். பேரன் ஒன்றாம் வகுப்பு.

செல்வி: வாங்க அண்ணாச்சி. அரசுப் பள்ளிதானே? அங்கேயே நான்கு செட் இலவசமாகத் தருவார்களே.

தாத்தா: அது வரும்போது வரட்டும். முதல் நாளே என் பேரன் கலர் சட்டையில் போய் நிற்கக் கூடாது.

செல்வி: அந்த நான்கு செட்டைத் தைப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கம். அதில் நானும் ஒருத்தி. உங்கள் பேரன் டவுசரை நானே இந்நேரம் தைத்து முடித்திருக்கலாம்.

தாத்தா: அப்படியா! அதில் ஒன்றை இப்போதே எடுத்துக் கொடுத்துவிடேன்.

செல்வி: ஏன் அண்ணாச்சி, இத்தனை வருட சர்வீஸில், தெரிந்தவர் என்று யாருக்காவது ஒரு டிக்கெட் சும்மா கிழித்துக் கொடுத்திருக்கிறீர்களா?

தாத்தா: (கொஞ்சம் யோசித்து) அளவெடு.

(செல்வி மேஜைக்கு அடியில் குனிந்து, பையனை வெளியே இழுக்காமலே இடுப்பில் டேப்பைச் சுற்றுகிறாள்.)

செல்வி: இடுப்பு இருபது.

தாத்தா: இருபத்தாறு வை. வளர்கிற பிள்ளை.

செல்வி: இருபத்தாறு வைத்தால் இவனோடு பக்கத்துப் பையனும் உள்ளே உட்காரலாம். கீழே இரண்டு இஞ்ச் மடித்துத் தைக்கிறேன், உயரம் கூடக் கூடப் பிரித்துவிடலாம். இடுப்புக்கு எலாஸ்டிக்.

தாத்தா: எலாஸ்டிக்கா! கொக்கி வை, ஜிப் வை, பெல்ட் மாட்ட லூப் வை. ஆபீசர் மாதிரி போக வேண்டும்.

செல்வி: சரி. இந்த டவுசரைக் கையில் பிடியுங்கள். கொக்கி வைத்தது. உங்களுக்கு இப்போது அவசரமாக ஒன்றுக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டு கழற்றுங்கள். பத்து எண்ணுவேன்.

தாத்தா: இதென்ன பெரிய... இது ஏன் இந்தப் பக்கம்... எங்கே கொக்கி?

செல்வி: ...எட்டு, ஒன்பது, பத்து. உங்கள் டவுசர் நனைந்துவிட்டது அண்ணாச்சி.

(ஊர்ப் பிள்ளைகளின் இடுப்பளவைப் பல வருடம் எடுத்த டெய்லருக்கு, வாத்தியாருக்கும் டாக்டருக்கும் தெரியாத சில சங்கதி தெரிந்திருக்கும். முதல் வாரத்தில் பள்ளியிலிருந்து எத்தனை டவுசர் கவரில் சுற்றி வீடு திரும்புகிறது என்பது அதில் ஒன்று.)

தாத்தா: டீச்சர் கழற்றிவிட மாட்டாரா?

செல்வி: சட்டத்தில் எழுதியிருக்கிற கணக்கே முப்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர். முப்பது கொக்கி என்றால் அவர் எப்போது பாடம் நடத்துவார்? சட்டையிலும் காஜாவைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுகிறேன். பட்டன் போட வீட்டில் பழக்குங்கள். கீழ்ப் பட்டனிலிருந்து மேலே போகச் சொல்லுங்கள், அவன் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

தாத்தா: பட்டன் கிடக்கட்டும் தாயி. படிப்பில் அவனைப் பிடிக்க முடியாது. இருபது குறள் மனப்பாடம். ஆங்கில எழுத்து இருபத்தாறும் தலைகீழாகச் சொல்வான். முகில், அத்தைக்குக் 'கற்க கசடற' சொல்லு!

(மேஜைக்கு அடியிலிருந்து பதில் இல்லை. துண்டுத் துணிகளை நிறம் வாரியாக அடுக்கும் வேலை அங்கே மும்முரமாக நடக்கிறது.)

செல்வி: அவனை விடுங்கள். அரசுப் பள்ளியில் 2022லிருந்து ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு 'எண்ணும் எழுத்தும்' என்று நடத்துகிறார்கள். ஆட்டம், பாட்டு, பொம்மை, அட்டை. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைக்கு நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் வருகிற பிள்ளை அரும்பு. அதில் ஒரு கேவலமும் இல்லை.

தாத்தா: என் பேரன் நேரே மலர்.

செல்வி: மலர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் டீச்சரிடம் எப்படிக் கேட்கும்?

தாத்தா: 'டிப்போ' என்று கேட்பான்.

செல்வி: என்ன?

தாத்தா: எங்கள் வீட்டில் அப்படித்தான். பஸ் எங்கே போனாலும் கடைசியில் டிப்போவுக்குத்தானே வர வேண்டும் என்று அவன் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது நான் ஆரம்பித்தது. இரண்டு தலைமுறையாக ஓடுகிறது. அவசரம் என்றால் 'எக்ஸ்பிரஸ்'.

செல்வி: கடவுளே! அவன் எழுந்து "டீச்சர், டிப்போ" என்பான். டீச்சர் "அப்பா டிரைவரா கண்ணு? உட்காரு" என்பார். அவன் "எக்ஸ்பிரஸ் டீச்சர்" என்று அழுவான். அவர் பஸ் படம் வரையச் சொல்லிக் காகிதம் கொடுப்பார்.

தாத்தா: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) அது கொஞ்சம் கஷ்டம்தான்.

செல்வி: இன்றிலிருந்து 'ஒன்றுக்கு', 'இரண்டுக்கு'. ஊருக்கே தெரிந்த வார்த்தை. கேட்க வெட்கப்படக் கூடாது என்றும் சொல்லுங்கள். ஒரு நாள் சும்மாவேனும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் பைப் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டிவிட்டு வாருங்கள். அப்புறம், கடுதாசி எல்லாம் தயாரா?

தாத்தா: (தோல் பையைத் தட்டி) அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆதார், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஊசி அட்டை, ஜாதிச் சான்றிதழ், கரண்டு பில், என் ரிட்டையர்மென்ட் ஆர்டர்.

செல்வி: நீங்களும் ஒன்றாம் வகுப்பில் சேருகிறீர்களா?

தாத்தா: எதற்கும் இருக்கட்டும் என்று. நான் 1964ல் சேர்ந்தபோது ஒரு கடுதாசி கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தொட்டேன். "ஐந்து முடிந்தது" என்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். என் கை இயல்பிலேயே நீளம் தாயி. அம்மா கணக்குப்படி நான் பிறந்தது அடுத்த வருடம் தீபாவளிக்கு. அந்த ஒரு காதால் ஒன்றரை வருடம் முன்னாலேயே ரிட்டையர் ஆகிவிட்டேன்.

செல்வி: காதுக்கு இவ்வளவு செலவா!

தாத்தா: வயது விஷயத்தில் யாரை நம்புவது சொல்லு? என் காலத்தில் பஸ்ஸில் மூன்று வயதுக்கு மேல் அரை டிக்கெட். ஒரு அம்மா இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, "இன்னும் மூன்று முடியவில்லை" என்றார். "எங்கேம்மா போகிறீர்கள்?" என்றேன். "இவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க" என்றார்.

செல்வி: டிக்கெட் போட்டீர்களா?

தாத்தா: அந்தப் பிள்ளையே மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தது. போடாமல்?

செல்வி: அந்தப் பிறப்புச் சான்றிதழைக் கொடுங்கள். (வாங்கிப் பார்த்து) அண்ணாச்சி, குழந்தையின் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறதே!

தாத்தா: எங்கே? ...அட, ஆமாம். பெயர் வைப்பதில் சம்பந்தி வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரு சின்னப் பேச்சுவார்த்தை.

செல்வி: எவ்வளவு சின்னது?

தாத்தா: ஒன்றே முக்கால் வருடம்.

செல்வி: முதல் வருடத்துக்குள் போயிருந்தால் காசில்லாமல் பெயரைச் சேர்த்திருப்பார்கள். இப்போது தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். பதினைந்து வயது வரை சேர்க்கலாம், பயப்படாதீர்கள். என் மூத்தவளுக்கு நான் அலைந்தேன், அதனால்தான் தெரியும். சரி, ஆதாரில் என்ன பெயர்?

தாத்தா: முகிலன். சம்பந்தி போனபோது எடுத்தது. நாங்கள் முகில் என்போம்.

செல்வி: ஆக, ஆதாரில் முகிலன், வீட்டில் முகில், நகராட்சியில் வெறும் கோடு. பள்ளி ரெஜிஸ்டரில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் கடைசி வரை கூடவே வரும். உட்கார்ந்து ஒரு பெயரை முடிவு செய்யுங்கள், இனிஷியல் உட்பட. இது நீல ஆதார்தானே? ஐந்து வயது முடிந்தாயிற்று என்றால் கைரேகை, கருவிழி வைத்துப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வயது ஊசி போட்டாயிற்றா?

தாத்தா: அவன் அழுவான் என்று...

செல்வி: உங்களுக்கா அவனுக்கா அழுகை?

தாத்தா: போன முறை இரண்டு பேரும்.

(செல்வி சாக்குக்கட்டியை எடுத்துத் துணியில் கோடு போடுகிறாள். தாத்தா பையைத் துழாவி மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் ஒன்றை மேஜையில் வைக்கிறார்.)

தாத்தா: இதுவும் தயார். கீழே சோறு, நடுவில் பொரியல், மேலே கடலைமிட்டாய்.

செல்வி: அண்ணாச்சி, மதுரையில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இங்கேயும் வந்தாயிற்று. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூட சாம்பார். மதியம் சத்துணவு, முட்டை. இந்தக் கேரியர் எதற்கு?

தாத்தா: கடலைமிட்டாயாவது?

செல்வி: நம் ஊர் மிட்டாய் 2020ல் புவிசார் குறியீடு வாங்கியது எனக்கும் பெருமைதான். பல்லுக்கு அதெல்லாம் தெரியாது. தண்ணீர் பாட்டில் மட்டும் போதும். எங்கே அது?

தாத்தா: இதோ. அமுக்கினால் மூடி துள்ளித் திறக்கும். இதற்குள்ளே உறிஞ்சு குழல். (அமுக்குகிறார். துள்ளவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்குகிறார். பல்லில் வைக்கிறார்.) வெயிலுக்கு இறுகிவிட்டது போல.

செல்வி: சாதாரணத் திருகு மூடி வாங்குங்கள். அவனே திறந்து, குடித்து, சிந்தாமல் மூடினால் அதுவே பெரிய பாஸ். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான்?

தாத்தா: ஒன்பது. லீவுதானே. இராத்திரி பதினொன்று வரை என் ஃபோன் அவனிடம்தான். திறக்கிற அன்று பெரிய விசிலாக ஊதி எழுப்பிவிடுவேன்.

செல்வி: தெருவே எழுந்துவிடும், அவன் எழுந்திருக்க மாட்டான். இன்று இரவிலிருந்து தினமும் அரை மணி முன்னதாகப் படுக்க வையுங்கள். ஃபோனை முதலில் நீங்கள் ஒளித்துவையுங்கள்.

தாத்தா: பிடிவாதம் பிடிப்பானே. ஆனால் அதற்கும் வழி வைத்திருக்கிறேன். "சேட்டை செய்தால் டீச்சர் பிரம்பை எடுப்பார்" என்று சொன்னால் போதும், கப்சிப்.

செல்வி: (கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு) இப்படித்தான் கெடுக்கிறீர்கள். பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் அந்த டீச்சர் கையில் ஒரு பிரம்பைச் சொருகி அனுப்புகிறீர்கள். அவர் சாக்பீஸ் எடுக்கக் கையை நீட்டினாலும் இவன் மேஜைக்கு அடியில் போய்விடுவான்.

தாத்தா: இப்போதும் அங்கேதான் இருக்கிறான்.

செல்வி: அது என்னைக் கண்டு பயந்து அல்ல. முதல் நாள் விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவீர்கள்?

தாத்தா: அதற்கும் யோசித்தாயிற்று. "அதோ பார் காக்கா" என்பேன். அவன் திரும்புவான். நான் கேட்டைத் தாண்டிவிடுவேன்.

செல்வி: அதற்கப்புறம் அவன் ஜென்மத்துக்கும் காக்காவை நம்ப மாட்டான். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். "கடைசி மணி அடிக்கும், தாத்தா இந்தக் கேட்டில் நிற்பேன்" என்று. அடிக்கும்போது அங்கே நிற்கவும் வேண்டும்.

தாத்தா: அழுதால்?

செல்வி: அழுவான். நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தால் இன்னும் கூட அழுவான். ஒரே தடவை டாட்டா, நேரே நடை.

தாத்தா: (தொண்டையைச் செருமிக்கொண்டு) தாயி, முப்பத்திரண்டு வருடம் பயணிகளை ஏற்றி இறக்கினவன் நான். இறங்கினவர் எங்கே போனார் என்று ஒரு நாள் திரும்பிப் பார்த்ததில்லை. இவன்... பிறந்ததிலிருந்து பகல் முழுக்க என்னோடுதான். அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து நான் என்ன செய்வது, அதைச் சொல்லு.

(செல்வி பதில் சொல்வதற்குள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.)

முகில்: தாத்தா, ஒன்றுக்கு.

(இருவரும் குனிந்து பார்க்கிறார்கள். பையன் வெளியே வந்து, மாதிரிக்காகக் கொடியில் தொங்கிய எலாஸ்டிக் டவுசரை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் கொக்கி டவுசரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் ஓடுகிறான். தாத்தா எழுந்திருக்கிறார். செல்வி அவர் தோளில் டேப்பை வைத்து அமர்த்துகிறாள். இருவரும் காத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பையன் திரும்பி வருகிறான். டவுசர் கையில் இருக்கிறது. இடுப்பில் எதுவும் இல்லை. நனையவும் இல்லை.)

செல்வி: பாதி பாஸ். கழற்றத் தெரிகிறது, மாட்டத் தெரியவில்லை.

தாத்தா: எலாஸ்டிக்கே போடு தாயி. இரண்டாகத் தை. வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்கிறேன். (வாசல் வரை போய்த் திரும்பி) பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம் உண்டே, அங்கே உட்கார்ந்தால் ஒன்றாம் வகுப்பு ஜன்னல் தெரியுமா?

செல்வி: தெரியும். போன ஜூனில் அந்த மரத்தடியில் ஏழு தாத்தா, இரண்டு ஆச்சி.

தாத்தா: அடேயப்பா. எனக்கு இடம் கிடைக்குமா, இல்லை ஸ்டாண்டிங்தானா?