டாக்டர், ரிப்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம்

கடலூரில் தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது பெரிய காரியமே இல்லை. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் தெருவுக்கொரு லேப் இருக்கிறது. காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் முடிவு கைப்பேசிக்கே வந்துவிடும். அந்த முடிவோடு போய் உட்கார்ந்தால், உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டு, நாம் சொல்லி முடிக்கும்வரை காது கொடுக்கும் மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய காரியம். எனக்கு அது வருடக்கணக்கில் இழுத்தது.

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். முதலில் போனது குரல். கம்மி, தடித்து, மத்தியானத்துக்குப் பிறகு கடைசி பெஞ்சுக்கு எட்டாமல் போயிற்று. சாக்பீஸ் தூள் என்றார்கள். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன். அடுத்து வந்தது குளிர். எங்கள் ஊர் அக்கினி நட்சத்திரத்தை அனுபவித்தவர்களுக்குச் சொல்கிறேன்: மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டை போட்டவள் நான். மற்ற ஆசிரியைகள் எல்லாம் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்க, நான் அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சீப்பில் கொத்தாக முடி, தீராத மலச்சிக்கல், எழுந்திருக்கும்போதே வீங்கிய முகம், வந்தால் நிற்காமல் கொட்டும் மாதவிலக்கு. இவற்றையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது மறதி. எத்தனையோ வகுப்புகளுக்குப் புத்தகம் பார்க்காமல் நடத்திய குறள், இரண்டாம் அடி வராமல் நடுவில் நின்றது. பிள்ளைகள் எடுத்துக்கொடுத்தார்கள். வீட்டில் என் நாத்தனாருக்கு வேறு கண்டுபிடிப்பு: "வேலை என்றால்தான் அண்ணிக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது."

முதலில் பார்த்த மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் என் கணவரின் முகத்தில் பதில் தேடினார். "வீட்டில் ஏதாவது டென்ஷனா சார்?" அவரும் பாவம், இல்லை என்று தலையாட்டினார். என் உடம்பைப் பற்றி இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அடுத்தவர் எடையைப் பார்த்தார், வேறு எதையும் பார்க்கவில்லை. சாதத்தைக் குறைத்து, சில்வர் பீச்சில் தினமும் நடந்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது என்பதுதான் ஐயா நான் கொண்டுவந்த புகார்! இன்னொருவர், நாற்பதைத் தாண்டினால் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி விட்டமின் மாத்திரை எழுதினார். அதே ஆண்டு அவரிடமே என் கணவர் போய்க் களைப்பாக இருக்கிறது என்றார். அன்றைக்கே ஈசிஜி எடுத்தார்கள். அவருக்கும் நாற்பது தாண்டித்தான் இருக்கிறது.

இதற்கிடையில் ஒருவர் தைராய்டு பரிசோதனை எழுதிக்கொடுத்தார். டி.எஸ்.எச். 7.8 என்று வந்தது. பெரும்பாலான லேப்களில் மேல் எல்லை நான்கு, நான்கரை என்று அச்சிட்டிருக்கும். "கொஞ்சம்தான் கூட இருக்கிறது, ஒன்றும் தேவையில்லை" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் நியாயமாகப் பேசவேண்டும். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. சண்டி மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதுபோல, தைராய்டு மந்தமாகும்போது பிட்யூட்டரி அதை அதிகமாக அனுப்பி விரட்டுகிறது. அதனால்தான் சுரப்பு குறையக் குறைய இந்த எண் ஏறுகிறது. எண் பத்துக்குள் இருந்து, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனின் அளவு சரியாக இருந்தால், உடனே மாத்திரை தொடங்கலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. பலருக்கு அது தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே மாத்திரை தரவில்லை என்பது என் வருத்தம் இல்லை. டி4 பார்க்கவில்லை. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று ஒரு வரி சொல்லவில்லை. குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கழுத்தில் கை வைத்துப் பார்க்கவில்லை. பொறுத்திருந்து பார்ப்பதும் வைத்தியம்தான். ஆனால் பொறுத்திருக்கிறோம் என்பதையாவது நோயாளியிடம் சொல்லவேண்டாமா?

சொல்லாததன் விளைவைக் கேளுங்கள். ரத்தப்போக்கு தாங்க முடியாமல் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை. இருந்தும், "பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி எதற்கு? கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்றார்கள். எடுத்த எடுப்பில், இன்றைக்கே தேதி குறித்துக்கொள்ளலாம் என்பதுபோல. தைராய்டு மந்தமானால் மாதவிலக்கு அதிகமாகும் என்பது மருத்துவ மாணவர்களின் பாடத்திலேயே இருக்கிறது. 7.8 என்று எழுதிய தாள் அவர்கள் மேசைமேல் வைத்த என் ஃபைலுக்குள்தான் கிடந்தது. யாரும் புரட்டவில்லை. பள்ளியில் பொதுத்தேர்வு நேரம், லீவு கிடைக்கவில்லை. அதனால் என் கர்ப்பப்பை தப்பித்தது. ஒரு பெண்ணின் உறுப்பு கல்வித்துறையின் கால அட்டவணையால் காப்பாற்றப்படுகிறது என்றால் அதைச் சிரித்துக்கொண்டு எழுதுவதா, அழுதுகொண்டு எழுதுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இந்த நோய் கண்டறியப்பட்ட வரலாற்றைப் பின்னால்தான் படித்தேன். படித்தபிறகு கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. 1873-ல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், நடுவயதில் முகம் உப்பி, பேச்சு தடித்து, மெல்ல மெல்ல மந்தமாகிப்போன பெண்களைப் பற்றி விவரித்தார். 1891-ல் நியூகாஸிலில் ஜார்ஜ் மர்ரே என்பவர், இதே நோயால் துவண்டுகிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். இவர்கள் காலத்தில் டி.எஸ்.எச். பரிசோதனை என்ற ஒன்றே கிடையாது. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. அவர்களிடம் இருந்தவை கண், காது, கை. முகத்தைப் பார்த்தார்கள், பேச்சைக் கேட்டார்கள், தோலைத் தொட்டார்கள். ரத்தப் பரிசோதனை வந்தது நல்லதுதான், அதனால் என் உயிர் பிழைத்தது. அது வந்ததும் மற்ற மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று யார் சொன்னார்கள்?

எனக்கு விடை கிடைத்தது நான் நோயாளியாகப் போகாத இடத்தில். வகுப்பில் மயங்கி விழுந்த மாணவி ஒருத்தியை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். படிப்பு முடித்து அதிக காலம் ஆகாத இளம் பெண் மருத்துவர். பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான். அவளைப் படுக்கவைத்துவிட்டு என்னைப் பார்த்து, "டீச்சர், உங்கள் குரல் எப்போதுமே இப்படித்தானா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்கவேண்டும் என்று எத்தனை நாற்காலிகளில் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

டம்ளரில் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். பின்னால் நின்று விரல்களால் தடவிப் பார்த்தார். நாடி நிமிடத்துக்கு 52. நாற்காலியின் மேல் முழங்காலிட்டு ஏறச் சொல்லி, குதிகால் நரம்பில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளிக் கீழே போனது, திரும்பி வரும்போது மட்டும் அவசரமே இல்லாமல் வந்தது. "தைராய்டு குறைந்தால் இப்படி மெதுவாகத்தான் திரும்பும்" என்றார். அங்கே ஸ்கேன் இல்லை, ஏசி இல்லை, டோக்கன் மெஷின் இல்லை. வெளியே பெரிய கூட்டம் வேறு காத்திருந்தது.

கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவர்களைக் குறை சொன்னால் உடனே வரும் பதில், ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்ப்பது என்பது. ஒப்புக்கொள்கிறேன். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேய்க்கிற எனக்கு அந்த வலி தெரியும். ஆனால் அந்தச் சுத்தியல் பரிசோதனைக்கு ஆன நேரம், சாதத்தைக் குறைக்கச் சொல்லி எனக்கு நடத்திய பிரசங்கத்தைவிடக் குறைவு.

அவர் எழுதிக்கொடுத்த பரிசோதனைகளில் டி.எஸ்.எச். அறுபதைத் தாண்டியிருந்தது. டி4 தரைமட்டம். எதிர்ப்பொருள்கள் ஏராளம். ஹஷிமோட்டோ என்று பெயர் சொன்னார். 1912-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது. நம் உடம்பின் காவல் படையே தைராய்டை எதிரி என்று நினைத்துத் தின்றுகொண்டிருக்கும் நோய். மேற்கொண்டு பார்க்கப் புதுச்சேரிக்கு ஒரு ஹார்மோன் நிபுணரிடம் அனுப்பினார். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ்ஸில் ஆடிக்கொண்டே போய் வந்தேன். அந்த நிபுணரும் நல்லவர், என் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

எங்கள் மாவட்டத்தில் எந்த நோய் முற்றினாலும் புதுச்சேரி கோரிமேட்டுக்குப் போ என்பார்கள். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் மருத்துவமனை அங்கே இருக்கிறது, விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும்கூட ஜனம் விடியற்காலை பஸ் பிடித்து வருகிறது. பெரிய நோய்களுக்கு அது சரி. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரு சுத்தியலையும் வைத்துச் சந்தேகப்பட்டுவிடக்கூடிய நோய்க்கு எதற்கு இத்தனை அலைச்சல்?

மருத்துவர் கேட்காத இடத்தில் கேட்பதற்கு வேறு ஆட்கள் வந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கைப்பேசியைத் திறந்தால் தைராய்டை வேரோடு அறுக்கும் ஜூஸ், இருபது நாளில் மாத்திரையை நிறுத்தும் முறை, முட்டைக்கோஸைத் தொட்டால் கழுத்து வீங்கும் என்ற மிரட்டல். (சமைத்த முட்டைக்கோஸை அளவாகச் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது.) உறவினர் ஒருவர் அயோடின் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறச் சொன்னார். மற்றொருவர், மரக்காணத்தில் உப்பு விளைகிறது, கடலோரத்தில் இருந்துகொண்டு உனக்கு எப்படித் தைராய்டு என்று என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். கடலுப்பில் இயல்பாக இருக்கும் அயோடின் சொற்பம், பாக்கெட் உப்பில் இருப்பது சேர்க்கப்படுவது. அரசு 1962-ல் கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து தைராய்டு என்றாலே உப்பு என்று மனதில் பதிந்துவிட்டது. ஹஷிமோட்டோவுக்கு உப்பை மாற்றுவது மருந்தில்லை. இந்த ஜூஸ்காரர்களை நம்பிப் போகிறவர்களை முட்டாள்கள் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த வீடியோக்களில் ஒருவராவது, "உங்களுக்குக் களைப்பாக இருக்கிறதா, யாரும் நம்பவில்லையா?" என்று முதல் வரியில் கேட்கிறார். வெள்ளைக் கோட்டுக்காரர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

எனக்கு இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, தண்ணீரோடு. அதன்பிறகு குறைந்தது அரை மணி கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது. அளவை மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம். குரல் திரும்பிவிட்டது. மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. எடை? கொஞ்சம்தான் இறங்கியது. தைராய்டால் ஏறும் எடை பெரும்பாலும் உப்பும் நீருமாகச் சில கிலோ என்று நிபுணர் முன்பே சொல்லிவிட்டார். மிச்சத்துக்கு என் சமையலறைதான் பொறுப்பு. நாத்தனார் அதைப் பற்றி எப்படியும் பேசுவார்.

கடைசியாக என் சித்தி மகள் விஷயம். அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். அவளுக்கும் அதே களைப்பு, அதே முடி உதிர்வு. அக்காவுக்கு இருப்பதுதான் எனக்கும் என்று உறுதியாக நம்பிக்கொண்டு வந்தாள். மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். டி.எஸ்.எச். 2.1, டி4 சரியாக இருந்தது. முகம் சுண்டிப்போயிற்று அவளுக்கு, இனி யாரும் நம்பமாட்டார்கள் என்று. அந்த மருத்துவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, மாதவிலக்கு எத்தனை நாள், என்ன சாப்பிடுகிறாய், தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பார்த்ததில் இரண்டுமே ரொம்பக் குறைவு. தைராய்டு மாத்திரை உனக்குத் தேவையில்லை, கேட்டாலும் தரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். இரும்பு மாத்திரை எழுதி, ரத்தம் ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்க அடுத்து என்ன பார்க்கப்போகிறோம் என்பதை விளக்கி, எந்தத் தேதியில் திரும்ப வரவேண்டும் என்பதையும் சீட்டில் குறித்துக் கொடுத்தார்.