காயலான் கடைப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை அந்த இசை நேரலையில் நடந்ததை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். தவறவிட்டவர்களுக்கும் அந்தத் துண்டுக் காணொளி இதற்குள் நான்கு வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக வந்து சேர்ந்திருக்கும். ஆகவே யார், எந்த நிகழ்ச்சி என்ற விவரத்துக்குள் நான் போகவில்லை. ஒரு மாணவர் தன் மேசையில் இருந்த பழைய ரோலண்டு ஜேவி-1080 மாட்யூலை (கீபோர்டோ கணினியோ இணைத்து ஒலிக்க வைக்கும், விசைகள் இல்லாத ஒலிப்பெட்டி) காட்டி, இதிலிருந்து நல்ல ஒலியை எடுப்பது எப்படி என்று பணிவாகக் கேட்டார். "மொதல்ல அதைக் காயலான் கடையில போட்டுட்டு வாங்க தம்பி, அப்புறம் மியூசிக் பேசலாம்" என்பது நேரலையை நடத்தியவரிடமிருந்து அவருக்குக் கிடைத்த பதில். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாணவரும் சிரித்தார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தப் பெட்டியை முழுதாகப் பயன்படுத்திப் பார்த்தவர் யாரோ அவர் மட்டும் அதைத் தூக்கிப் போடச் சொல்லட்டும். அப்படி ஒருவரை, சினிமாக்காரர்கள் நிறைந்த இந்தச் சாலிகிராமம், வடபழனி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

1994-இல் வந்த பெட்டி அது. ஒரே நேரத்தில் ஒலிக்க 64 குரல்கள், ஆளுக்கொரு வாத்தியமாக வைத்துக்கொள்ள 16 பார்ட்டுகள், உள்ளே கூடுதல் ஒலிப் பலகைகள் செருக நான்கு இடங்கள். வாங்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் செய்வது என்ன? முதல் பேட்சிலிருந்து (பேட்ச் என்பது பெட்டியில் சேமித்து வைத்த ஓர் ஒலி) வரிசையாகத் தட்டிக் கேட்பார்கள், பின்னணியில் படரும் பேட் ஒலிகள் இரண்டு, ஒரு ஸ்ட்ரிங்ஸ், ஒரு புல்லாங்குழலைக் குறித்துக்கொள்வார்கள், பிறகு "சவுண்டு பழசா இருக்கு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்தத் தொழிற்சாலைப் பேட்சுகள் கடைக்கு வருபவரை மயக்குவதற்காகச் செய்யப்பட்டவை, ஒவ்வொன்றிலும் எதிரொலி வழிந்து ஓடும். அப்படியே பாட்டில் வைத்தால், ஒரே இலையில் சாம்பாரையும் பாயசத்தையும் சேர்த்து ஊற்றியது போலத்தான் இருக்கும். எதிரொலி தரும் ரிவெர்பையும் ஒலியைத் தடிமனாக்கும் கோரஸையும் அணைத்துவிட்டு, ஒலியை உலர்ந்த நிலையில் கணினிக்குள் எடுத்து, எதிரொலியை அங்கே சேர்த்துப் பாருங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, இரண்டு பொத்தான்களின் வேலை.

அடுத்த புகார், நோட்டுகள் பாதியில் அறுந்துபோகின்றன என்பது. ஒரு பேட்சுக்குள் டோன்கள் எனப்படும் அடுக்குகள் நான்கு வரை இருக்கலாம். நான்கும் ஒலிக்கிற பேட்சில் ஒரு விசையை அழுத்தினால் நான்கு குரல்கள் செலவாகும், அதாவது 64 என்பது 16 நோட்டாகச் சுருங்கிவிடும். பெடலை மிதித்துக்கொண்டு இரு கைகளாலும் வாசித்தால் பதினாறு எந்த மூலைக்குப் போதும்? எடிட் பகுதிக்குள் போய் இரண்டு டோன்களை அணைத்தால் நோட்டுகள் அறுவது வெகுவாகக் குறையும், பாட்டில் மற்ற வாத்தியங்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். இதைவிட எளிய வழி, ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனியாகப் பதிவு செய்வது. அப்போது 64 குரல்களும் அந்த ஒரு பார்ட்டுக்கே கிடைக்கும். அதோடு, பல பேட்சுகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பர்ஃபாமன்ஸ் முறையில் பதினாறு பார்ட்டுகளுக்கும் சேர்த்து அந்தப் பெட்டியில் இருப்பது ஒரே ஒரு எஃபெக்ட் பிரிவுதான். பேட்ச் முறையில் கணீரென்று கேட்ட ஒலி பாட்டுக்குள் போனதும் சோகை பிடித்தது போல ஆவதற்கு அதுதான் காரணம், பெட்டியின் வயது அல்ல. தனித்தனியாகப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு ஒலிக்கும் அந்த எஃபெக்ட் முழுதாகக் கிடைக்கிறது.

இதையெல்லாம் அந்த மாணவருக்கு மூன்று நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அந்தக் காயலான் கடை நகைச்சுவையும் அதைத் தொடர்ந்த விளக்கமும் எட்டு நிமிடம் ஓடின. கணக்குப் பார்த்தேன்.

"ரோலண்டே இதை மென்பொருளாகத் தருகிறதே" என்று கீழே எழுத ஒருவர் இப்போதே விரலை வைத்திருப்பார். தருகிறது ஐயா, தெரியும். நானும் பிளக்இன்களை, அதாவது கணினிக்குள் ஓடும் வாத்திய மென்பொருள்களை, நாள்தோறும் பயன்படுத்துகிறேன், எனக்கு மென்பொருளோடு பகை ஏதும் கிடையாது. ஆனால் சந்தா கட்டிய அந்த மென்பொருளிலும் நீங்கள் முதல் பேட்சிலிருந்து தட்டிக்கொண்டுதான் போகப் போகிறீர்கள் என்றால், வேறுபாடு எங்கே வந்தது? பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒரு முறை போய்வாருங்கள் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து இயக்குநர் வந்து ஒரு மாற்றம் கேட்டால், கணினிக் கோப்பைத் திறந்தவுடன் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்; பெட்டியில் அது சிரமம். உண்மை. அதற்காகத்தான், பெட்டியின் அமைப்புகளைத் தரவாக அனுப்பும் சிஸ்எக்ஸ் முறையில் பேட்சுகளை மிடி (கருவிகளையும் கணினியையும் இணைக்கும் வழி) மூலம் கணினியில் இறக்கி, பாட்டின் கோப்போடு சேர்த்து வைக்கச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் நீங்கள் செய்து வைத்த 128 பேட்சுகளும் போய்விடும் என்பதால், அதை மாற்றுவதற்கு முன்னும் இதே வேலையைச் செய்தாக வேண்டும். இவ்வளவு சிரமமா என்றால், ஆமாம், இவ்வளவு சிரமம்தான். தம்புராவைச் சுருதி கூட்டுவதும் சிரமம்தான், அதையும் நேரலையில் கேலி செய்வீர்களா?

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவனுக்கு எல்லாம் தெரியும் என்று எழுதுவார்கள். ஜப்பானிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்த மாட்யூலை, பின்பக்கம் 100 வோல்ட் என்று எழுதியிருந்ததைப் பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினேன். பட்டென்று ஒரு சத்தம், பிறகு மீன் கருகியது போன்ற நாற்றம். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் வைத்திருந்தால் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் எந்தப் பெட்டி வந்தாலும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கம் வந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் என் தரைத்தள அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். கணினியும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் போயின. பரணில் கிடந்த ஜேவி-1080 அடுத்த வாரமே வேலை செய்தது. ஒரு பக்திப் பாடல் தொகுப்பை அதையும் இரவல் மடிக்கணினி ஒன்றையும் வைத்துத்தான் முடித்துக் கொடுத்தேன். அது பரணின் பெருமை, பெட்டியின் பெருமை அல்ல என்று ஒருவர் எழுதுவார். எழுதட்டும்.

என்னை உண்மையில் எழுத வைத்தது வேறு. ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு வியாசர்பாடியிலிருந்து, என்னிடம் படிக்கும் பையன் அழைத்தான். பகலில் கல்லூரி, இரவில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. எட்டு மாதம் சேர்த்த பணத்தில் பதினோராயிரம் ரூபாய்க்கு அதே பெட்டியை வாங்கியவன். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டின் எல்லையை விரித்து, ஸ்வரங்களை அறுபடாமல் இணைக்கும் சோலோ லெகாட்டோவைப் போட்டு, ஒரு சாதாரணப் புல்லாங்குழல் பேட்சில் தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்துக் காட்டி என்னையே நிமிர்ந்து உட்கார வைத்தவன். "அண்ணா, இதை வித்துடட்டுமா? எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று கேட்டான். புதிய கணினி, அதற்கேற்ற நினைவகம், உரிமம் பெற்ற ஒலி லைப்ரரிகள் என்று பட்டியல் போட்டால் அவன் இன்னும் எத்தனை வீட்டுக்குப் பிரியாணி சுமக்க வேண்டும் என்று அந்த மேடையில் இருந்த யாருக்காவது தோன்றியதா? நம் வீட்டில் எல்லாம் இருக்கும்போது அடுத்தவர் வீட்டில் இருப்பது குப்பையாகத் தெரிவது இந்தத் தொழிலுக்கு மட்டும் உரிய நோய் அல்ல என்பது தெரியும். ஆனால் நம் தொழிலில் அதைக் கைதட்டி வளர்க்கிறோம்.

விற்காதே என்றேன். கையேட்டில் டோன் எடிட் பகுதியைப் படித்தாயா என்று கேட்டேன். கையேடே வரவில்லை அண்ணா என்றான். பழைய பெட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அவனுக்குக் கொடுக்க என்னிடமும் அச்சிட்ட பிரதி இல்லை. 2011-இல் சென்னைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, விளம்பர இசைக்காக என் ஜேவி-1080-ஐ மூன்று மாதம் இரவலாகக் கேட்டார். போர்வையில் சுற்றி, பைக்கின் பின்னால் கட்டி, மழையில் ராயப்பேட்டை வரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாடகை என்ற பேச்சே எழவில்லை. பெட்டி திரும்பி வந்தது. அவர் இன்று நேரலைகளில் மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டார், மகிழ்ச்சிதான்.

கையேடு இன்னும் அவரிடம் இருக்கிறது. ஓரங்களில் என் பென்சில் குறிப்புகள் இருக்கும், அடையாளம் காண்பது எளிது. தேவைப்படாது என்றால் வியாசர்பாடிக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம், செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.