வால்வு ரேடியோவுக்குள் 'ரெட் மெர்குரி' கிடையாது

"பழைய வால்வு ரேடியோவில் ரெட் மெர்குரி (சிவப்புப் பாதரசம்) இருக்கிறது, கோடிக்கணக்கில் விலை போகும். பூண்டைக் காட்டினால் விலகும், தங்கத்தைக் காட்டினால் ஓடி வரும்" என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் சுற்றுகின்றன. சுத்தப் பொய். அப்படிக் குணமுள்ள பொருள் உலகிலேயே இல்லை. 2009-ல் சவூதி அரேபியாவில் இதே புரளி சிங்கர் தையல் மெஷின்மேல் கிளம்பி, ஓட்டை மெஷின்களுக்கும் விலை எகிறியது.

வால்வு என்பது பழைய ரேடியோவுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாய். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் சூடேறும் பகுதி, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள், வெளியே தகடு. கண்ணாடியின் உட்புறம், பெரும்பாலும் உச்சியில், வெள்ளியாகப் பளபளக்கிறதே, அதைத்தான் பாதரசம் என்கிறார்கள். அது பேரியம் என்ற உலோகம். உள்ளே மிஞ்சிய வாயுவை உறிஞ்சுவதற்காக வைத்தது. காற்றுப் புகுந்தால் பால்போல் வெளுத்துவிடும். பிலிப்ஸின் பழைய வால்வுகள் சில சிவப்பாக இருக்கும். அது வெளியே அடித்த பெயின்ட்.

பாதரச ஆவி வால்வுகள் இருந்தது உண்மைதான். அவை பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டர் (ஒலிபரப்பும் கருவி) போன்ற பெரிய கருவிகளுக்கானவை. அதிலும் சாதாரணப் பாதரசம்தான். எரியும்போது நீலமாக ஒளிரும்.

இலங்கை வானொலி பாடிய மர்பி, புஷ் பெட்டிகளை இதற்காக உடைப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் உடைக்காதீர்கள். உடனே பிளக்கிலும் செருகாதீர்கள். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பழைய கண்டென்சர் ஷார்ட்டானால் டிரான்ஸ்பார்மரே எரிந்துபோகும். வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் முதலில் காட்டுங்கள்.