ஒரு ஜோடி ஒண்ணேகால் கிலோ பிளேட்

இன்றைக்கும் இல்லை. 25 கிலோ பிளேட் அடுக்கடுக்காகக் கிடக்கிறது, ட்ரெட்மில் வரிசையாக நிற்கிறது, நாலு சுவருக்கும் ஆளுயரக் கண்ணாடி. எடை ஏற்றத்தான் மனிதன் ஜிம்முக்கு வருகிறான். அந்த ஏற்றத்துக்குத் தேவையான ரெண்டு குட்டி இரும்பு மட்டும் கிடையாது!

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "ஒண்ணேகால்லாம் எதுக்கு சார், அஞ்சு அஞ்சா ஏத்துங்க." வயிறு எரிவது பிளேட் இல்லாததற்குக்கூட இல்லை, இந்தப் பதிலுக்குத்தான்.

ராடைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்கும் ஓவர்ஹெட் பிரஸ் நாள் என்று வையுங்கள். ஒரு முறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப், நிறுத்தாமல் செய்கிற ரெப்புகள் சேர்ந்தது ஒரு செட். உடம்பைச் சூடாக்க முதலில் வெறும் ராடு, 20 கிலோ, அதில் ரெண்டு செட். 30-ல் மூன்று ரெப், 35-ல் ரெண்டு. போன முறை 40 கிலோவில் மூன்று செட்டும் ஐந்தைந்து ரெப் சுத்தமாக முடிந்தது. ஆகவே இன்று 42.5. பக்கத்துக்கு ஒரு 10, கூடவே ஒரு 1.25. அவ்வளவுதான் கணக்கு. இனி தேடல். ஸ்டாண்டில் இல்லை. டம்பெல் அடுக்குக்குப் பின்னால் இல்லை. லெக் பிரஸ் மெஷினுக்கு அடியில் ஒன்று தெரிகிறது. குனிந்து எடுத்தால் அது 2.5. ஆடுகிற பெஞ்சின் காலுக்கு முட்டுக் கொடுத்திருப்பது நிஜமான 1.25. பெஞ்சில் படுத்திருப்பவர் எழும்வரை காத்திருந்து அதை உருவி ராடில் மாட்டப் போனால், பிளேட்டின் துளை ஒரு அங்குலம், ராடின் முனை 50 மில்லிமீட்டர். பழைய மெல்லிய ராடுக்கு வந்த பிளேட் அது. சரியான துளையோடு இன்னொன்று இருக்கிறது, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க வைத்திருக்கிறார்கள். அதற்கு ஜோடி எங்கே? யாருக்கும் தெரியாது. பத்து நிமிடத்தில் உடம்பு ஆறிவிட்டது, ராடையும் வேறொருவர் எடுத்துப் பைசெப்ஸ் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒற்றை பிளேட்டை ஒரு பக்கம் மட்டும் மாட்டித் தூக்குகிறவர்களும் உண்டு. வேண்டாம். ராடு சாயும், ஒரு முழங்கை முந்தி நீளும், மற்றது பிந்தும்.

சரி, அஞ்சாக ஏற்றினால் என்ன ஆகிறது? ராடைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டில், 100 கிலோவுக்கு 5 கிலோ என்பது 5 சதவீதம். தொடையும் இடுப்பும் தாங்கிக்கொள்ளும். 40 கிலோ பிரஸ்ஸுக்கு அதே 5 கிலோ 12.5 சதவீதம். மூன்றாவது ரெப்பில் ராடு நெற்றிக்கு நேரே வந்து நின்றுவிடும். உடனே இடுப்பு முன்னால் போகும், நெஞ்சு கூரையைப் பார்க்கும், தோள் தூக்க வேண்டியதைக் கீழ்முதுகு வாங்கிக்கொள்ளும். இப்படிப் பின்னால் வளைவதற்கு எல்லை வகுத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாமல் போனதால்தான் 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு பளுதூக்கும் போட்டியிலிருந்து பிரஸ்ஸையே எடுத்துவிட்டார்கள். உலக வீரர்களே வளைந்த இடம் அது. அங்கே, சேர்ந்து நாலு மாதமான பையனை "அஞ்சு போடு" என்று தள்ளுகிறீர்கள்!

பத்தொன்பதாம் நூற்றாண்டு சர்க்கஸ் பலசாலிகளுக்கு இது தெரிந்திருந்தது. அவர்களுடைய ராடுகளில் ரெண்டு முனையிலும் உள்ளே பொள்ளலான இரும்புக் குண்டு இருக்கும். மணலோ ஈயக் குண்டுகளோ கொட்டி, வேண்டிய அளவுக்கு எடை ஏற்றுவார்கள். ஒரு கைப்பிடி வித்தியாசம்கூட அவர்களுக்குக் கணக்கில் வந்தது. கிமு ஆறாம் நூற்றாண்டு மல்யுத்த வீரன் மைலோ, தினமும் கன்றைத் தூக்கித் தூக்கிக் கடைசியில் காளையையே தூக்கினான் என்ற கதையை எல்லா ஜிம்மிலும் சொல்கிறார்கள். கன்று ஒரே ராத்திரியில் அஞ்சு கிலோ ஏறுமா? மாதம் 2.5 கிலோ என்று ஏற்றினாலே ஆறு மாதத்தில் 40 கிலோ பிரஸ் 55 ஆகிவிடும். அந்தப் பொறுமைதான் பழைய பயிற்சி. அதற்கு வேண்டிய இரும்பைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

பிளேட் கிடைக்கும்வரை ரெப்பை ஏற்றுங்கள்: 40 கிலோவிலேயே மூன்று செட்டும் ஆறு, பிறகு ஏழு, பிறகு எட்டு. எட்டு மூன்று முறை சுத்தமாக வந்த பிறகே 45, அதுவும் நாலு ரெப்பிலிருந்து. காலில் கட்டும் ஒரு கிலோ எடைப் பட்டைகளை ராடின் ரெண்டு முனையிலும் இறுக்கிச் சுற்றினாலும் வேலை நடக்கும். பழைய வார்ப்பிரும்பு பிளேட் என்றால் தராசில் வைத்துப் பாருங்கள், 10 என்று பொறித்ததெல்லாம் 10 இருப்பதில்லை. ஒத்த எடையுள்ளவற்றுக்குச் சாக்பீஸால் அடையாளம் போட்டு ஜோடி சேருங்கள். 50 மில்லிமீட்டர் துளையுள்ள சொந்த ஜோடி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. ஆனால் மாதா மாதம் பணம் கட்டுகிறவன் இரும்பையும் ஏன் சுமந்துகொண்டு வர வேண்டும்?

அப்புறம் அந்தச் சுவர்க் கடிகாரம். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் மூன்று நிமிடம் ஓய்வு வேண்டும், அதைப் பார்க்க இருக்கும் ஒரே கடிகாரம் பொங்கலிலிருந்து நாலே காலில் நிற்கிறது. ஒரு பேட்டரி போடுங்கள் ஐயா!