இருபத்தெட்டுப் பிள்ளைக்கு மட்டுந்தான் அந்த ஸ்கூலா?

நம்ம ஊர் ஸ்கூலுக்கு சீட்டுக் கூரைய எடுத்துட்டு தளம் போட்டுக் குடுங்கன்னு நேத்து கூட்டத்துல கேட்டோம். அங்க நடந்தது ஊர்ல எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டு இருக்கு, அதனால யாரு பேசுனாங்கன்னு நான் எழுதல. "இருபத்தெட்டு பசங்களுக்கு எதுக்கு இவ்ளோ செலவு, சீட்ட மாத்தி பெயிண்ட் அடிச்சா போதாதா"ன்னு கேட்டாங்கல்ல, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு. ராத்திரி பூரா தூக்கமே வரல.

அது 28 பிள்ளைங்களுக்கான ஸ்கூல் மட்டும் இல்லங்க. 2018 நவம்பர் 15 ராத்திரி, கஜா புயல் வந்தப்ப, எங்க தெரு மொத்தமும் அங்கதான் கிடந்துச்சு. கூரை வீட்டுக்காரங்க, ஓட்டு வீட்டுக்காரங்க, எட்டு மாசம் முழுகாம இருந்த ஒரு அக்கா, எங்க அப்பாயி. நடு ராத்திரிக்கு மேல வடக்கால ஜன்னல் பிச்சுக்கிட்டு போச்சு. ஜன்னல் போனா காத்து உள்ள பூந்து கூரைய கீழேருந்து தூக்கும்னு அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். சீட்டெல்லாம் அப்பளமா நொறுங்குது, பிள்ளைங்கள பெஞ்சுக்கு அடியில தள்ளிவிட்டு நாங்க மேல படுத்துக்கிட்டோம். அப்புறம் திடீர்னு காத்து நின்னுச்சு. வீட்டப் பாக்க ஓடப்போனவங்கள எங்க அப்பாயிதான் கத்தி நிறுத்துச்சு, 1952-ல அடிச்ச புயல பாத்த மனுஷி, "போவாதீங்கடா, தெக்கேருந்து திரும்பி அடிக்கும்"னு. சொன்ன மாதிரியே அடிச்சுது.

"அதான் புயல் பாதுகாப்பு மையம் இருக்கே"ன்னு கமெண்ட்ல வருவீங்க. இருக்கு, நல்ல கட்டடம்தான், முன்கூட்டியே போயிடணும்ங்கிறதும் சரிதான். ஆனா ஆடு மாட்ட விட்டுட்டு சாயங்காலமே கிளம்ப எத்தன பேருக்கு மனசு வரும்? கடைசி நேரத்துல, ரோடு பூரா மரம் விழுந்து கிடக்கறப்ப, கிழவிய தூக்கிக்கிட்டு எங்க போறது? நடந்து போற தூரத்துல இருக்கறது ஸ்கூல்தான். ஸ்கூல் மட்டும்தான்.

செலவு செலவுன்னு சொல்றவங்ககிட்ட எனக்குப் பேச ஒண்ணும் இல்ல. 2004-ல கும்பகோணத்துல 94 பிள்ளைங்க எரிஞ்சு போனதுக்கு அப்புறந்தான் ஸ்கூல்லேருந்து கீத்த எடுத்தாங்க. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில சுவர் இடிஞ்சு மூணு பசங்க போனதுக்கு அப்புறந்தான் பழைய கட்டடத்தையெல்லாம் தேடித் தேடி இடிச்சாங்க. நம்ம ஊர்லயும் ஒண்ணு நடக்கட்டும்னு காத்திருக்கணுமா? தளம் போட்டு, ஜன்னலுக்கு கெட்டியா கதவு வச்சு, மாடிக்கு ஒரு படி, ஒரு அடிபம்பு. இதத்தான கேட்டோம்? கஜாவுக்கு அப்புறம் கரண்ட் இல்லாம டேங்க்ல தண்ணி ஏத்த மணிக்கு இவ்ளோன்னு வாடகை குடுத்து ஜெனரேட்டர் எடுத்தது மறந்துபோச்சா?

"நீ கட்டிக்குடுத்துப் போன பொண்ணு, உனக்கென்ன இந்த ஊர் ஸ்கூல பத்தி"ன்னும் ஒரு குரல் வந்துச்சு, வீடியோவுல அது சரியா கேக்காது, எனக்கு நல்லாவே கேட்டுச்சு. புயலுக்கு மறுநாள் சத்துணவுக் கூடத்துல நனைஞ்ச அரிசிய, விழுந்த மரத்த வெட்டி எரிச்சு தெருவுக்கே பொங்கிப் போட்டதுல நானும் ஒருத்தி. அட்மிஷன் ரிஜிஸ்டர் ஊறிப்போய் பக்கம் பக்கமா ஒட்டிக்கிச்சு, நானும் டீச்சரும் பொங்கல் வரைக்கும் ஒவ்வொரு தாளா ஈர்க்குச்சியால பிரிச்சு வெயில்ல காய வச்சோம். அதுல எங்க அப்பா பேரு இருக்கு, என் பேரும் இருக்கு. எம் பிள்ளைங்க பேரு இல்லதான். அதுக்காக நான் வெளியாளா? இத எழுதறப்பவே கண்ணு கலங்குது.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்கு வர்றேன், யாரு என்ன சொன்னாலும் வர்றேன். அன்னிக்கு விழுந்த சீட்டுல ஒரு துண்டு எங்க அம்மா வீட்டுக் கொல்லையில இன்னும் கிடக்கு, சீட்ட பிடிச்சு நிறுத்தற ஜே போல்ட் போட்ட ஓட்டை மட்டும் கையளவுக்கு உடைஞ்சிருக்கு. அத தூக்கிட்டு வந்து மேசை மேல வைக்கப்போறேன். அதே சீட்ட திரும்ப மாட்டணும்னு சொல்றவங்க அத ஒரு தடவ கையில எடுத்துப் பாத்துட்டுப் பேசுங்க.