தோல்விக்கு மதிப்பெண்ணைப் பழிக்காதீர்கள்

"படிப்பில் கெடுபிடி காட்டுவதால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நல்ல ஆட்டக்காரர்கள் வருவதில்லை, அதனால்தான் 2021 முதல் 2024 வரை ஆண்டுதோறும் 3 வெற்றி, 9 தோல்வி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்கு சரி, காரணம் தவறு. இதே கெடுபிடியோடுதான் அந்த அணி 2013, 2016 ஜனவரிகளில் கல்லூரி அணிகளின் புகழ்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டங்களை வென்றது.

சிரமம் உண்டு, மறுக்கவில்லை. பயிற்சியாளர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் சேர்க்கை அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற கல்லூரிகள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்போது, ஸ்டான்ஃபோர்டில் ஆட விரும்பும் பையன் இரவில் உட்கார்ந்து விண்ணப்பக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பான். ஆனாலும் வந்தார்கள். கலிபோர்னியாவின் காம்ப்டனில் பள்ளியிலேயே இரண்டாவதாகத் தேறிய, பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற ரிச்சர்ட் ஷெர்மன் வந்தார். அவரைப் போலவே பின்னாளில் புகழ்பெற்ற ஆண்ட்ரூ லக் கட்டடக்கலை வடிவமைப்பு படித்துக்கொண்டே ஆடினார்.

பிறகு மாறியது இடமாற்ற விதி. ஒருமுறை கல்லூரி மாறுகிறவர் ஓராண்டு ஆடாமல் வெளியே உட்கார வேண்டியதில்லை என்று 2021-இல் ஆனது. மற்ற அணிகள் தேர்ந்த ஆட்டக்காரர்களை அப்படியே அள்ளிக்கொண்டன. ஸ்டான்ஃபோர்டோ வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்களில் மிகச் சிலரைத்தான் சேர்த்தது. அடைபட்டுக் கிடந்தது அந்த வாசல். அதை விட்டுவிட்டு, நன்றாகப் படித்து வந்த பையன்களைக் குறை சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.